மிரளும் குதிரையும் இழுக்கும் கையும்

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் குதிரை ஏறியிருக்க மாட்டீர்கள். ஆனால் மிரண்ட குதிரையைப் பார்க்காதவர்கள் குறைவு. மெரினா மணலில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தால் போதும், சவாரிக் குதிரை சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரவெடி வெடித்ததும் முன்னங்கால்களைத் தூக்கும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் உடனே கத்துவது, "இழுத்துப் பிடி, இழுத்துப் பிடி" என்றுதான். பல வருடங்களாகக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இழுத்துப் பிடிப்பதால் வரும் கேடுகளைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் குதிரையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். புல் மேய்ந்து, ஆபத்து வந்தால் ஓடிப் பிழைத்த இனம் அது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை அதற்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் அசையும் துணிகூடத் தெரியும். தோலில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறிவிடும். அவ்வளவு நுட்பமான உடம்பு. அதன் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. பிட் என்கிற இரும்பு அங்கேதான், நாக்கின் மேலும் வெறும் ஈறின் மேலும் உட்காருகிறது. ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. இழுத்துப் பிடி என்றால் அங்கேதான் இழுக்கிறோம்.

நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளில் பல குதிரைகள் பந்தயத்தை விட்டு வந்தவை. பந்தயக் குதிரை ஓடிப் பழகும்போதே, கடிவாள வாரில் பிடிப்பு இருந்தால் அதில் சாய்ந்துகொண்டு ஓட வேண்டும் என்று பழகியிருக்கும். அது தெரியாமல் புதிதாக ஏறுகிறவர் பயந்து வாரை இறுக்குகிறார். குதிரை வேகமெடுக்கிறது. அவர் இன்னும் இறுக்குகிறார், அது இன்னும் வேகமெடுக்கிறது. கடைசியில், "இது முரட்டுக் குதிரை சார்" என்ற பெயர் வந்துவிடுகிறது. அதற்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்தது.

சரி, இதற்குத்தான் கடையில் துணைக்கருவிகள் விற்கிறார்கள். ரன்னிங் மார்ட்டிங்கேல் என்று ஒன்று. குதிரையின் வயிற்று வாரிலிருந்து கிளம்பி, முன்னங்கால்களுக்கு நடுவே வந்து, நெஞ்சருகே இரண்டாகப் பிரியும் தோல்வார். இரு முனையிலும் வளையம், வளையத்துக்குள் கடிவாள வார் ஓடும். குதிரை தலையை வானத்துக்குத் தூக்கினால் மட்டும் இது வேலை செய்ய வேண்டும். மற்ற நேரம் சும்மா தொங்க வேண்டும். அப்படிக் கட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டிரா ரெயின் என்று இன்னொன்று. அதை 17ஆம் நூற்றாண்டில் நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷ் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். வயிற்று வாரில் தொடங்கி, பிட் வளையத்துக்குள் புகுந்து நம் கைக்குத் திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில் படித்த நகரும் கப்பிதான் இது. கையில் ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஏறக்குறைய இரண்டு கிலோ. குதிரையின் நடையழகையும் இணக்கத்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிற டிரஸாஜ் போட்டி அரங்கில் இதற்கு அனுமதியே கிடையாது. தேர்ந்த சிலர் கொஞ்ச நேரம் கட்டி, குதிரை இணங்கிய நொடியில் தளர்த்திவிடுவார்கள். பயந்த குதிரையின் மேல் பயந்த மனிதர் உட்கார்ந்து இதைப் பிடித்தால் என்ன ஆகும்? தலை நெஞ்சோடு மடங்கும். மடங்கிய தலையோடு அது தன் காலடியைத்தான் பார்க்க முடியும், தூரத்தில் பயமுறுத்துவது எதுவென்று பார்க்க முடியாது. பயந்த பிள்ளையின் கண்ணைப் பொத்திவிட்டு, "ஒன்றுமில்லை, பார்" என்று சொல்வது போன்றது அது.

நான் விரும்பிக் கட்டுகிற கருவிக்குத் தனியாகக் காசு வேண்டாம். அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, தொங்கவிடுகிற பழைய வார் ஒன்றை எடுத்துக் குதிரையின் கழுத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிடுவேன். கழுத்து வார், அவ்வளவுதான். அது குதிரையை அடக்காது, நம் கையை அடக்கும். தடுமாறும்போது பிடித்துக்கொள்ள ஒன்று இருப்பதால் வாயில் தொங்க மாட்டோம்.

பந்தயத்திலிருந்து வந்த ஒரு பெட்டைக்குதிரை எங்களிடம் இருந்தது. மைதானத்தின் ஒரு மூலையில் வைக்கோல் கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். காற்றில் தார்ப்பாய் படபடத்தால் அந்தப் பக்கம் வராது. அதன் மேல் கல்லூரி மாணவி ஒருத்தி. மூலை வருவதற்கு வெகு முன்பே அவள் முழங்கை விறைத்துவிடும். அந்த விறைப்பைக் குதிரை உணர்ந்தது முதலில் அதன் காதுகளில் தெரியும். டிரா ரெயின் போடலாமா என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். கழுத்து வாரைக் கட்டினேன். "இரண்டு விரலை அதுக்குள்ள விட்டுக்கோம்மா. மூச்சை வெளியே விடு. அது நின்னா நிக்கட்டும்" என்றேன். நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. இரண்டு காதும் தார்ப்பாயையே குறிவைத்திருந்தன. மூக்கால் புர்ரென்று ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஒரு காது மட்டும் பின்னால், அந்தப் பெண்ணை நோக்கித் திரும்பியது. அப்போது லேசாகக் காலால் அழுத்தச் சொன்னேன். ஒரு அடி வைத்தது. உடனே கால் அழுத்தம் போக வேண்டும், கை தளர வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்வில்தான். அழுத்தம் ஒரு கேள்வி, தளர்வுதான் "நீ செய்தது சரி" என்ற பதில். திரும்பவும் சொல்கிறேன், கை தளரும் நொடியில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அலெக்சாண்டரின் குதிரை புசிஃபலஸ் கதை தெரியும்தானே? அவன் தந்தை மன்னர் பிலிப்பிடம் 13 டேலன்ட், அந்தக் காலக் கிரேக்கப் பண அளவு அது, விலை சொல்லிக் கொண்டுவந்த குதிரை. யாரையும் ஏறவிடவில்லை. கொண்டுபோங்கள் என்று மன்னர் சொல்லிவிட்டார். பையன் அலெக்சாண்டர் கவனித்தது ஒன்றைத்தான். தனக்கு முன்னால் விழுந்து ஆடும் சொந்த நிழலைப் பார்த்துக் குதிரை மிரள்கிறது. கடிவாளத்தைப் பிடித்துச் சூரியனை நோக்கித் திருப்பினான், நிழல் பின்னால் போனது. தடவிக்கொடுத்துக் கூடவே கொஞ்ச தூரம் நடந்தான். அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். தோளில் இருந்த மேலங்கியைச் சத்தமில்லாமல் நழுவவிட்டுவிட்டு ஏறினான். படபடக்கும் துணியோடு பயந்த குதிரை மேல் ஏறக்கூடாது என்று அந்த வயதில் தெரிந்திருக்கிறது பாருங்கள்! ஏறியபிறகும் அடிக்கவில்லை, வாயைக் கிழிக்க இழுக்கவில்லை. கிரேக்கர்களுக்கு அங்கவடிகூடக் கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் குதிரை அவனோடு நம் ஜீலம் நதிவரை வந்தது. கி.மு. 326இல் போரஸோடு நடந்த போரை ஒட்டி இறந்தது. அதன் பெயரால் அங்கே ஒரு நகரையே நிறுவினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை நன்றாக இருந்த குதிரை இன்று முரண்டு பிடித்தால் எந்த வாரையும் வாங்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடைவாய்ப் பல் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்தலாம், சேணம் முதுகை அழுத்தலாம், வயிற்றில் புண் இருக்கலாம். முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், வலித்தால் முதுகு தாழும். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பன்னாட்டுப் போட்டிகளிலேயே 2025 முதல் இதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். சவுக்கு, குதிமுள் பற்றி இன்று பேச முடியவில்லை. மார்ட்டிங்கேல் கட்டுகிறவர்கள், கடிவாள வாரில் பிட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ரப்பர் தடுப்பு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். அது இல்லையென்றால் வளையம் பிட்டில் மாட்டிக்கொள்ளும், குதிரை நிஜமாகவே பயந்துவிடும். வணக்கம்.