ஃப்ரீசரால ட்ரிப் சுவிட்ச் விழுகுது, எர்த் வயரைக் கழட்டலாமோ?

வணக்கம். கோப்பாயில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: "தம்பி, ஃப்ரீசர் ஆறு வருசம் நல்லா ஓடினது. இப்ப ரெண்டு கிழமையா ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ட்ரிப் சுவிட்ச் விழுகுது. தூக்கி விட்டால் திரும்ப ஓடுது. பார்க்க வந்தவர் எர்த் வயரைக் கழட்டினால் சரிவரும் எண்டுறார். கழட்டட்டோ?"

அக்கா, கழட்டவே கூடாது. கழட்டியிருந்தால் இப்பவே பிளக்கை இழுத்து விடுங்கோ, மிச்சத்தைப் பிறகு கேளுங்கோ.

கரண்ட் எங்கயோ கசிஞ்சு ஃப்ரீசரின்ர தகரத்துக்கு வருது. எர்த் வயர் அதைக் கீழ இறக்கிறபடியால்தான் ட்ரிப் சுவிட்ச் கண்டுபிடிச்சு நிப்பாட்டுது. கழட்டினால் கசிவு நிக்காது, தகரத்திலயே நிக்கும். பிறகு மீன் கழுவின ஈரக் கையோட, வெறுங்காலோட கதவைத் திறக்கிற ஆள்தான் எர்த். வீட்டு ட்ரிப் சுவிட்சில வழக்கமா 30 மில்லி அம்பியர் எண்டு போட்டிருக்கும். அதை விடக் கூடின கரண்ட் உடம்பால கொஞ்ச நேரம் போனாலே உயிராபத்து.

இனி, எப்ப விழுகுது எண்டு பாருங்கோ. பிளக்கைக் குத்தின உடனயே விழுந்தால் பிளக், வயர், இல்லாட்டிக் கொம்பிரசர் எண்டு சந்தேகப்படலாம். உங்கட கதை அப்பிடியில்லை. மணித்தியாலக் கணக்கா ஓடிப்போட்டு ஒருக்கா விழுகுது. ஐஸ் கட்டாத வகை ஃப்ரீசரெண்டால் நான் முதல் பிடிக்கிறது டிஃப்ரொஸ்ட் ஹீட்டரைத்தான். உள்ளுக்க குளிர்க் குழாய்க்குக் கீழ இருக்கும். சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா தானா சூடாகி ஐஸை உருக்கும். உருகின தண்ணி அதில சொட்டிச் சொட்டி, ஓட்டில மயிர் போல ஒரு வெடிப்பு வந்தாலே போதும், ஈரம் உள்ளுக்க போயிடும். ஹீட்டருக்குக் கரண்ட் வாற நேரம் மட்டும் கசியும். அதுதான் தூக்கி விட்டால் ஓடுற மாதிரி இருக்கிறது.

பாசையூரில ஒரு வீட்டில நானே இதில ஏமாந்தனான். சாதாரண மீட்டர் வைச்சுப் பார்த்து நல்லம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். அண்டு இரவே திரும்ப விழுந்தது. அந்த மீட்டரின்ர சின்ன பற்றரிக்கு இந்தக் கசிவு தெரியாது. மெகர் எண்ட மீட்டரால 500 வோல்ற் குடுத்துப் பார்க்கவேணும். கசிவைத் தடுக்கிற அளவு ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினால் அந்த ஹீட்டரை மாத்தத்தான் வேணும். வாற ஆளிட்ட மெகர் இருக்கோ எண்டு முதலே கேளுங்கோ.

மேல மூடி திறக்கிற, நீங்களே ஐஸ் உருக்கிற பெட்டியெண்டால் அனேகமா ஹீட்டர் இராது. அப்ப பின்னால கொம்பிரசர் பக்கத்தில இருக்கிற வயர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கோ. கடற்கரைப் பக்க வீடுகளில உப்புக் காத்துக்கு அந்த முனையள் துருப்பிடிச்சிருக்கும். பல்லி செத்துக் கிடந்ததும் கண்டிருக்கிறன்.

இன்னொண்டு. ஒரே ட்ரிப் சுவிட்சில தண்ணி மோட்டர், வோஷிங் மெஷின் எல்லாம் இருந்தால் எல்லாத்தின்ர சின்னக் கசிவும் சேர்ந்தும் விழுத்தும். ஆள் வந்து பார்த்து ஃப்ரீசரில பிழை ஒண்டும் இல்லையெண்டால், ஒரு நாள் அதுகளின்ர பிளக்கை எல்லாம் கழட்டிப்போட்டு ஃப்ரீசரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கோ.

ஆள் வருமட்டும் பிளக்கைக் கழட்டியே வையுங்கோ. மீனுக்குப் பயப்பிடாதேங்கோ. ஃப்ரீசர் நிறைய இருந்து கதவைத் திறக்காமல் விட்டால் ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதியெண்டால் ஒரு நாள்.