நிறம் மாறியது சரி, எலக்ட்ரான் கணக்கு மாறியதா?

[காட்சி: சோதனைக்குழாயில் இளஞ்சிவப்புக் கரைசல்]

வணக்கம். இந்தக் குழாயில் இருப்பது தண்ணீரில் கரைத்த கோபால்ட் குளோரைடு. ரோஸ் மில்க்கில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றியது போன்ற நிறம். இதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். முதல் சொட்டு இறங்கிய தடத்தில் ஒரு நீலக் கீற்று. குழாயை ஆட்டினால் போய்விடுகிறது. இன்னும் விட விட ஊதா, அப்புறம் அடர்ந்த மை நீலம். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். இந்த அமிலத்தின் புகையும் ஆகாது, கோபால்ட் உப்பும் ஆகாது.

இப்போது குழாயின் அடிப்பகுதியை மட்டும் பனிக்கட்டியில் வைக்கிறேன். கீழே ரோஸ், மேலே நீலம், நடுவில் மங்கலான ஊதாப் பட்டை. வெந்நீரில் வைத்தால் முழுக்க நீலமாகிவிடும்.

நிறம் இப்படித் தலைகீழாக மாறினால் சுழற்சி நிலையும், அதாவது ஜோடி சேராமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான்களின் கணக்கும், மாறியிருக்கும் என்றுதான் மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். மாறவில்லை. மாறியது வடிவம்.

[திரையில்: எண்முகியும் நான்முகியும் அருகருகே]

ரோஸ் நிறத்தில் கோபால்ட் அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள், எண்முகி வடிவில். நீலத்தில் நான்கு குளோரைடுகள், நான்முகி வடிவில். இரண்டிலும் கோபால்ட் +2 தான், ஏழு டி எலக்ட்ரான்கள்தான்.

கல்யாண வீட்டில் விருந்தினருக்கு அறை ஒதுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர்கள்தான் டி எலக்ட்ரான்கள், அறைகள் அவை தங்கும் டி ஆர்பிட்டல்கள், மாடிப்படியின் உயரம் ஆற்றல் இடைவெளி. ஐந்து அறைகள், அறைக்கு அதிகபட்சம் இரண்டு பேர். எண்முகி வீட்டில் கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. நான்முகி வீட்டில் கீழே இரண்டு, மாடியில் மூன்று. யாருக்கும் அறையைப் பகிர்ந்துகொள்ளப் பிடிக்காது. மாடிப்படி ஏறவும் பிடிக்காது. எது குறைந்த தொல்லையோ அதைத்தான் செய்வார்கள்.

உலோக அயனியைச் சுற்றிப் பிணைந்திருப்பவற்றை ஈனிகள் என்போம். நீரும் குளோரைடும் வலுக்குறைந்த ஈனிகள். அதனால் படி குட்டை, அறையைப் பகிர்வதைவிட ஏறுவதே மேல் என்று ஏறிவிடுகிறார்கள். எண்முகியில் கீழே ஐந்து பேர், மேலே இரண்டு பேர். கீழே ஓர் அறையில் ஒருவர் தனியாக, மேலே இருவரும் தனித்தனியாக. ஆக மூன்று தனித்த எலக்ட்ரான்கள். நான்முகியில் கீழே நால்வர், மேலே அறைக்கு ஒருவராக மூவர். இங்கேயும் மூன்றுதான்!

பிறகு ஏன் இவ்வளவு நிற வித்தியாசம்? ஒரே வகை ஈனியாக இருந்தால் நான்முகியின் படி எண்முகியின் படியில் ஒன்பதில் நான்கு பங்குதான். உறிஞ்சும் ஒளியும் மாறிவிடுகிறது: ரோஸ் கரைசல் 510 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை எடுத்துக்கொள்கிறது, நீலக் கரைசல் 690 அருகே சிவப்பை. நான்முகிக்குச் சமச்சீர் மையம் கிடையாது, அதாவது மையத்தின் இரு எதிர்ப்புறமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் கீழிருந்து மேலே தாவுவதன் மீதான தடையும் தளர்ந்து, நீலம் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தமாகத் தெரிகிறது. ஆனால் நீலத்தைக் கண்டதும் நான்முகி என்று எழுதிவிடாதீர்கள். நீரற்ற கோபால்ட் குளோரைடு திண்மமும் நீலம்தான். அதில் ஒவ்வொரு கோபால்ட்டைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள்.

[திரையில்: மஞ்சள் படிகமும் நீலப் பொடியும்]

சரி, இப்போது இதற்கு நேர்மாறான கதை: வடிவம் அதே, மாறுவது சுழற்சி நிலை. கோபால்ட் +3, ஆறு எலக்ட்ரான்கள். ஒன்றில் ஆறு ஃபுளூரைடுகள், இன்னொன்றில் ஆறு அம்மோனியாக்கள். இரண்டுமே எண்முகி. ஃபுளூரைடு வீட்டில் படியின் உயரம் சுமார் 13,000. அலகு, சென்டிமீட்டரின் தலைகீழ். அறையைப் பகிர்வதற்கான செலவு சுமார் 21,000. ஏறுவதுதான் மலிவு. நால்வர் தனித்து நிற்கிறார்கள்: உயர் சுழற்சி, காந்தத்தால் ஈர்க்கப்படும் பாரா காந்தம். அம்மோனியா வீட்டில் படி சுமார் 23,000. யாரும் ஏறமாட்டார்கள். மூன்று அறைகளில் ஆறு பேர், ஒருவரும் தனியாக இல்லை: தாழ் சுழற்சி, காந்தத்தால் லேசாக விலக்கப்படும் டயா காந்தம்.

இந்த அம்மோனியா உப்புகளை வைத்துத்தான் சூரிச்சில் ஆல்ஃபிரட் வெர்னர் வடிவத்தைக் கண்டுபிடித்தார். நான்கு அம்மோனியா, இரண்டு குளோரைடு கொண்ட அயனி தட்டையான அறுகோணமாக இருந்தால் மூன்று மாற்றியங்கள், அதாவது அதே அணுக்கள் வேறு வேறு இடத்தில் அமைந்த வடிவங்கள், வர வேண்டும். முக்கோணப் பட்டகமாக இருந்தாலும் மூன்று. எண்முகிக்கு இரண்டுதான். கையில் கிடைத்ததோ பச்சை ஒன்று, ஊதா ஒன்று. அவர் எண்முகியை முன்வைத்த ஆண்டு 1893. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897இல்! வெறும் எண்ணிக்கையை வைத்து வடிவத்தைப் பிடித்த அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான். 1913இல் நோபல் பரிசு வந்தது.

[காட்சி: காந்தத் தராசு]

மறுபடி ரோஸும் நீலமும். இரண்டிலும் மூன்று தனித்த எலக்ட்ரான்கள் என்றால் காந்த வலிமையைச் சொல்லும் காந்தத் திருப்புத்திறன், அதன் அலகான போர் மாக்னட்டானில், இரண்டுக்கும் 3.87 வர வேண்டும். அளந்தால் வருவதில்லை. உயர் சுழற்சி எண்முகிக்குப் பொதுவாக 4.7 முதல் 5.2, நான்முகிக்கு 4.2 முதல் 4.8. எண்முகியில் கீழ் அறைகளில் ஓர் இடம் காலி. அதைப் பயன்படுத்தி எலக்ட்ரான் அறை மாறிச் சுற்றிவர முடிகிறது, அந்தச் சுற்றும் காந்தத்தில் சேர்கிறது. நான்முகியில் கீழே நிறைந்துவிட்டது, மேலே ஆளுக்கோர் அறை; அப்படிச் சுற்ற வழியில்லை. கொஞ்சம் கூடுதல் மட்டும் வேறு வழியில் வந்து சேர்கிறது.

தராசைச் சரிபார்க்கப் பல ஆய்வகங்களில் ஒரு நீலப் பொடி வைத்திருப்பார்கள்: மெர்க்குரி கோபால்ட் தயோசயனேட். உள்ளே இருப்பது கோபால்ட் +2, சுற்றிலும் நான்கு நைட்ரஜன், நான்முகி. தனித்த எலக்ட்ரான்கள் எத்தனை என்று கீழே கமென்டில் எழுதுங்கள்.