கரும்புக்காட்டில் கிடைத்த பூனைக்குட்டிக்கு என்ன பால் கொடுக்கலாம்?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, கரும்பு வெட்டும்போது தோகைக்குள்ள ரெண்டு பூனைக்குட்டி கிடந்துச்சு. தாயைக் காணோம். என்ன பால் கொடுக்கலாம், வீட்டுல வளர்க்கலாமா?" கூடவே போட்டோ. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு வேற வேலை ஓடல.

நெத்தியில வெள்ளைக்கோடு. முதுகுல வரிசையா துருக்கறை மாதிரி புள்ளி. வால்ல ஒரு வளையம் கிடையாது. துரும்பன் பூனைங்க அது, வீட்டுப்பூனை இல்ல, காட்டுல வாழற இனம்! வாலைப் பாருங்க, வாலைப் பாருங்கன்னு மரநாய் வீடியோவுலயே சொன்னேனே. வீட்டு வரிப்பூனைக்கு வால்ல வளையம் இருக்கும், இதுக்கு இருக்காது. நல்லா வளர்ந்ததே ஒன்றரைக் கிலோதான். இந்தியா, இலங்கை, நேபாளம், அவ்வளவுதான் இதோட உலகம். 1831ல இதுக்கு அறிவியல் பேர் வச்சதே நம்ம புதுச்சேரியில கிடைச்சதை வச்சுத்தான்.

வளர்க்கக் கூடாது. வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில இதுவும் இருக்கு. ஜெர்டன்னு அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர் குட்டியிலேர்ந்து வளர்த்தாரு, நல்லாப் பழகிடுச்சு. எட்டு மாசத்துல, மான்குட்டி இருந்த அறைக்குள்ள விட்டாரு. பார்த்த நிமிஷம் பாஞ்சு பிடரியைக் கவ்விடுச்சு. பிரிச்செடுக்கறதே பெரும்பாடாப் போச்சாம்.

தம்பி, என்ன பால்னு கேட்காதீங்க. எங்க வச்சா தாய் வரும்னு கேளுங்க. பசும்பால் கொடுத்தா வயித்தால போகும். தாய் விட்டுட்டுப் போகல. அருவா சத்தத்துக்கு பயந்து பக்கத்துலதான் ஒதுங்கியிருக்கும். மகாராஷ்டிராவுல, ஜுன்னர் பக்கத்துக் கரும்புக்காட்டுல, வனத்துறை இதைத்தான் செய்யுது. எடுத்த இடத்துலயே சாயங்காலம் பெட்டியில வச்சுட்டு விலகிடுவாங்க, தாய் வந்து தூக்கிட்டுப் போயிடும்.

எங்க மாமா காட்டுலயும் ஒரு தடவை இப்படித்தான். வனக்காவலரை வரச் சொல்லி, அவர் சொன்னபடி கூடையில வச்சுட்டு, நாங்க மோட்டார் ரூம்ல லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் கேக்கல. விடிஞ்சு போனா கூடை காலி. வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணுல ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கால்தடம், வரிசையா, வேலியைப் பார்த்து.

அதனால முதல்ல வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. குட்டியை எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்க வேண்டாம். உங்க வீட்டுப் பூனை கிட்ட போகாம பார்த்துக்கங்க, அதோட நோய் இதுக்கும் ஒட்டும். அப்புறம் முக்கியமா, குட்டி கிடந்த மூலையில நாலு சால் கரும்பை ரெண்டு நாளைக்கு வெட்டாம விட்டு வைங்க. தாய் வர்றதுக்கு ஒரு மறைவு வேணும்ல.