பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவோர்

(சனசமூக நிலைய ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து சிறப்பிக்கும் பிரதேச செயலர் அவர்களே, கோயில் வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் தர்மகர்த்தா ஐயா அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, கடைசி வரிசையில் நிற்கிற போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி அவர்களே (முன்னுக்கு வந்து இருங்கோ ஐயா, இன்றைக்கு ஒருவரும் ஓடமாட்டினம்), பொன்னாடை போர்த்திய இளைஞர் கழகத்தினரே, வணக்கம்.

குடிபோதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுப்பதில் மதுக் கம்பனிகளின் பங்கு, பொலிஸின் பங்கு, எங்கள் பங்கு என மூன்றையும் பேசப் போகிறேன்.

முதலில் கம்பனிகள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வோமே, அதுதான். 1988இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள்: கூட்டாளிகள் குடிக்கப் போனால் ஒருவர் தொடாமலிருந்து மற்றவர்களை வீட்டில் விடவேண்டும். நல்ல யோசனை. பியர் கம்பனிகளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஏன் பிடிக்காது? ஒருவர் தொடாவிட்டால் மற்றவர்கள் கவலையில்லாமல் குடிக்கலாமே!

எங்கள் பக்கம் ஒரு மதுபானசாலை, பெயர் வேண்டாம். வாசலில் ‘குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்’ என்று பளபளக்கும் பலகை. அதன் கீழே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், கண்ணாடிகளில் ஹெல்மெற் தொங்குது. முதலாளியைக் கேட்டேன்: “தம்பி, இவ்வளவு பேரும் நடந்தோ போகப்போகினம்?” “மாஸ்ரர், பலகை போட்டிருக்கிறன்தானே!” அப்போது இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் திறப்பைச் சைலன்சருக்குள் செருகப் பார்த்தார். மற்றவர் அதைப் பறித்து, “நீ நல்ல வெறி. விடு, நான் ஓடுறன்” என்றார். ஹார்வர்ட் யோசனை எங்கள் ஒழுங்கைக்கும் வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அவர் ஏறினார், உதைத்தார், திரும்பவும் உதைத்தார். வண்டி ஸ்ராட் ஆகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் ஏறியிருந்தது என்னுடைய சைக்கிள், உதைத்தது பெடலை! ஓட்டோப் பொடியனைக் கூப்பிட்டு இருவரையும் ஏற்றி அனுப்பினேன். கூலி? அதுவும் நான்தான். முதலாளி பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மதுவின் கேட்டைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐந்து வழிகள் சொன்னது: மது கிடைப்பதைக் கட்டுப்படுத்து, போதைச் சாரதிகளைப் பிடி, சிகிச்சை கொடு, விளம்பரத்தைத் தடு, விலையைக் கூட்டு. அதில் பலகை இல்லை. எங்கள் இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுக்கிறது. ‘பொறுப்போடு குடியுங்கள்’ என்ற சாட்டில் கம்பனிப் பெயர் பின்கதவால் வரக்கூடாது. சாரதியின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் வரை எங்கள் சட்டம் விடுகிறது, சுவீடனில் 20தான். அளவைக் குறைக்கும் பேச்சு வரும்போது கம்பனிகளும் முன்னால் வந்து நிற்கட்டும், பிறகு நம்புகிறேன். அதுவரை கிள்ளுகிற கைதான் ஆட்டுகிற கையும்.

பொலிஸைப் பற்றி? ஐயாவிடம் தேநீர் வேளையில் நேரே சொல்கிறேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆனால் எங்கள் பங்கான பஸ் கதையைச் சொல்லாமல் இறங்கமாட்டேன், எங்கே பேசினாலும் நான் அங்கேதான் வந்து நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இருட்டின பிறகு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்கு வர என்ன இருக்கிறது? குடித்தவருக்கும் மோட்டார் சைக்கிள்தான், வேலை முடிந்த கடைப் பிள்ளைகளுக்கும் அதுதான். மதுவரியாக வாங்குகிற காசில் கொஞ்சம் எடுத்து இரவில் ஒரு பஸ் விடுங்கள் என்கிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு கிராம அலுவலர் பிரிவையும் எழுதுங்கள், அது இல்லாததால் போனமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.