நிவாரணப் பையில் என்ன வைக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் உதவ ஓடுகிற மனம் நம்மிடம் நிறையவே உண்டு. ஆனால் வாங்குகிறவரை நம் வீட்டு ஆளாக நினைத்தோமா என்பது பையைப் பிரித்ததும் தெரிந்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி சாலையோரமெல்லாம் குவிந்து, உடுத்த ஆளில்லாமல் மண்ணோடு மட்கியது. ரவிக்கையும் பாவாடையும் இல்லாமல் வெறும் சேலையை எப்படி உடுத்துவது? புதிதாக ஒரு நைட்டி, லுங்கி, துண்டு, உள்ளாடை கொடுங்கள். நூறு பேருக்குக் கொடுக்க நினைத்தது முப்பது பேருக்குத்தான் முடியும் என்றாலும் சரி.

முதல் இரண்டு நாள் அடுப்பு எரியாது, அரிசி மூட்டையால் பயனில்லை. பொட்டலச் சோறுதான். அதில் பாதி வழியிலேயே ஊசிப்போகிறது. சூட்டோடு கட்டுவதுதான் காரணம். ஆவி உள்ளேயே வியர்த்துச் சோற்றை நசநசக்க வைத்துவிடும். சாம்பார் சாதம், தேங்காய்ச் சட்னி இரண்டும் தாங்காது. புளியோதரை தாங்கும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறியபின் புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் இறக்கலாம்; தண்ணீர்ப்பதம் இருந்தால் அதுவும் கெடும். பொட்டலத்தின்மேல் சமைத்த நேரத்தை எழுதி, அன்றைக்கே தின்றுவிடச் சொல்லுங்கள்.

பால் பவுடரை எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்தால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது தேவையே இல்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் வையுங்கள்: ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பெண்கள் கையாலேயே கொடுங்கள். தீப்பெட்டியை பாலிதீன் உறையில் போடுங்கள். நமத்துப்போனால் மெழுகுவர்த்தியும் வீண்.

கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனவர் எந்தத் தெருவிலும் இருப்பார். அந்தக் காலி அட்டையைக் கேட்டு வாங்கி, பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி அதைப் படம் எடுங்கள். மருத்துவ முகாமில் காட்டி, அதே மாத்திரையோடு மறுநாள் காலையில் அதே வீட்டுக்குப் போங்கள்.