பழவேற்காட்டுச் சேறும் கடலின் கணக்கும்

(ஆரம்பாக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பாதிப் பேர் பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள், மீதிப் பேர் தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்கள், அதனால் முகத்துவாரம் மண்ணடித்துப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அது திறந்திருந்ததா, அடைபட்டிருந்ததா? ஏரியின் அடிச்சேற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு பிடி சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் போட்டு அலசினால் களிமண்ணெல்லாம் ஓடிப்போகும். மிஞ்சியதைக் காயவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள், சுருள் சுருளாக, அறை அறையாகச் சின்னச் சின்ன ஓடுகள் தெரியும். ஃபோராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிர், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய தூரிகை நுனியை ஈரமாக்கி ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். கழுத்து வலிக்கும், ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

அப்புறம் இனம்வாரியாக எண்ண வேண்டும். உப்பு கூடிக் குறையும் கழியில் அம்மோனியா (வாயு இல்லை, ஒரு ஃபோராமினிஃபெராவின் பெயர்) போன்ற சில இனங்கள்தான் தாக்குப்பிடிக்கும், அவை மட்டும் ஏராளமாக இருக்கும். கடல்நீர் தாராளமாக வந்துபோகும் இடத்தில் இனங்கள் பெருகும். ஆக, ஓர் அடுக்கில் பல இனம், அதற்கு மேலே ஒன்றிரண்டே என்றால் முகத்துவாரம் அடைபடத் தொடங்கியதோ என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், ஆறு பெருக்கெடுத்து நன்னீர் கூடினாலும் இப்படி ஆகும். அதனால் அலையாத்தி மரங்களின் மகரந்தம், டயட்டம் என்னும் கண்ணாடி ஓட்டு நுண்பாசி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓட்டை வைத்துத் தீர்ப்பு சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆழ்கடல் ஓடுகள் இதைவிடப் பெரிய கணக்கு வைத்திருக்கின்றன. கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 சற்று எளிதாகக் கிளம்பிவிடும். பனியுகத்தில் அது நிலத்தின் மேல் பனியாக உறைந்து திரும்பாமலே நின்றுவிட, கடலில் எடை கூடிய ஆக்சிஜன்-18 விகிதம் கூடும், அந்தத் தண்ணீரில் ஓடு கட்டுகிற உயிரின் ஓட்டிலும் கூடும். 1955இல் சேசரே எமிலியானி என்ற ஆய்வாளர் இதைப் பெரும்பாலும் வெப்பநிலையின் கணக்காக வாசித்தார், 1967இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் என்ற இன்னோர் ஆய்வாளர் பெரும்பங்கு பனியின் அளவுதான் என்று காட்டினார். அவ்வளவு தண்ணீர் பனியாக நின்றதால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே! நம் கரையே கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தது.

சரி, ஒரு வேண்டுகோள். ஏரிக்கரை ஊர்களில் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடும்போது வெளியே வரும் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். பத்தடிக்கு ஒரு பையில் கட்டி, ஆழம், ஊர், தேதி எழுதி வையுங்கள். போரில் மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலக்கும், துல்லியமான ஆய்வுக்கு அது போதாது, ஆனால் எந்த இடத்தில் குழாய் இறக்கி முறையாக மண் எடுக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும். சொல்லி அனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.