சட்டப்படி வேலை: கனடா எல்லை ஊழியர்களின் தொழிற்சங்கம்

அன்பான நேயர்களே, வணக்கம். அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், நயாகரா ஆற்றின் மேலுள்ள பீஸ் பாலம் வழியாகத் திரும்பும்போது, கூண்டுக்குள் அமர்ந்து “எத்தனை நாள் தங்கினீர்கள், என்ன வாங்கி வருகிறீர்கள்” என்று கேட்கும் அலுவலருக்கும் ஒரு தொழிற்சங்கம் உண்டு என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சுங்க, குடிவரவுச் சங்கம் எனப்படும் அது, கனடா பொதுச் சேவை ஊழியர் கூட்டணியின் ஓர் அங்கம்.

முன்னரங்க அலுவலர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அத்தியாவசிய சேவையாளர் என வகைப்படுத்தப்பட்டிருப்பதால், சங்கம் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தாலும் அவர்கள் பணியை விட்டு வெளியேற முடியாது. ஆகவே அவர்கள் கையிலெடுப்பது சட்டப்படி வேலை. வழக்கமாக இரண்டு மூன்று கேள்விகளோடு அனுப்பப்படும் வாகனத்தை நிறுத்தி, விதிகள் அனுமதிக்கும் எல்லாக் கேள்விகளையும் நிதானமாகக் கேட்டு, ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும்போது, பின்னால் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீள்கிறது. விதியைப் பின்பற்றியதற்காக ஒருவரைத் தண்டிப்பதும் எளிதல்ல.

2018இல் காலாவதியான கூட்டு ஒப்பந்தம் மூன்றாண்டுகளாகியும் புதுப்பிக்கப்படாத நிலையில், தடுப்பூசி பெற்ற அமெரிக்கர்களுக்காக எல்லை திறக்கப்படவிருந்த 2021 ஆகஸ்ட் 9ஆம் திகதிக்கு மூன்று நாள் முன்னதாக, ஆகஸ்ட் 6ஆம் திகதி காலையில் இப்போராட்டம் தொடங்கியது. அன்று மாலையே தற்காலிக இணக்கம் எட்டப்பட்டது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணக்கில்லாமல் எந்தச் சங்கம் பேரம் பேசுகிறது?

இச்சங்கம் நெடுங்காலம் போராடியது துப்பாக்கிக்காக. 2006 ஜனவரியில், கலிபோர்னியாவில் கொலை வழக்கில் தேடப்பட்ட இருவர் எல்லையை நோக்கி வருவதாகத் தகவல் கிடைத்தபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆயுதமற்ற அலுவலர்கள் ஆபத்தான பணியை மறுக்கும் உரிமையின்படி சாவடிகளை விட்டு அகன்றனர். அவ்வாண்டே அலுவலர்களுக்கு ஆயுதம் வழங்க பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு முடிவெடுத்தது.

அம்முடிவை முழுமனத்தோடு வரவேற்க என்னால் இயலவில்லை. இவ்வலுவலர்கள் பணிபுரியும் எல்லைச் சேவைகள் முகவரகத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கச் சுயாதீன ஆணைக்குழு அமைப்பதற்கான சட்டம் 2024 ஒக்டோபரில்தான் நிறைவேறியது. துப்பாக்கி ஏந்தியவர்களைக் கேள்வி கேட்க வெளியிலிருந்து ஓர் அமைப்பு வர இத்தனை ஆண்டுகள் சென்றிருக்கக் கூடாது. ஆயினும், காவற்றுறையினருக்குரிய ஆபத்தைச் சுமப்பவர்கள், 25 ஆண்டுச் சேவையோடு குறைப்பின்றி ஓய்வூதியம் பெற்று விலகும் உரிமையையும் கேட்பது நியாயமே என்பதில் நான் சங்கத்தின் பக்கம் நிற்கிறேன்.